முதல் தொலைநோக்கி வாங்குமுன்

தொலைநோக்கி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம், பழையது வாங்கினால் மோசம் போய்விடுவோமா என்று நம் பள்ளி அறிவியல் மன்றத்தாரிடம் கேட்கும் தோழியர் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றனர். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வளையச் சூரிய கிரகணம் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் மேலாகவே கடந்து சென்றதும், 2020 டிசம்பரில் வியாழனும் சனியும் ஒட்டி நின்றதும் இந்த ஆவலைக் கிளப்பிவிட்டன போலும். ஆவல் நல்லதுதான். ஆனால் பெற்றோர் தரும் பணம் சிறு பணமன்று. அதில் வாங்கிய கருவி ஒரே மாதத்தில் பரணேறிவிட்டால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. “உனக்கு ஏன் இந்த வேலை?” என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். அந்தப் பெண் அதன் பிறகு வானத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். அப்படி ஒருத்திகூட ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில், கடைக்காரர் சொல்லும் முதல் சொல்லை நம்பாதிருக்கப் பழக வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் “525 மடங்கு பெரிதாகக் காட்டும்” என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்க் கணக்கன்று, பயனற்ற கணக்கு. தொலைநோக்கியின் பெருக்கம் என்பது முகப்பு வில்லையின் குவியத் தூரத்தைக் கண்ணருகே வைக்கும் சிறு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. பத்தாம் வகுப்பில் ஒளியியல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. 700 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் 25 மி.மீ. கண் வில்லையைப் போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. 4 மி.மீ. வில்லையைப் போட்டு, அதற்கு முன்னால் மும்மடங்காக்கும் ‘பார்லோ’ வில்லையையும் செருகினால் 525 மடங்கு வந்துவிடுகிறது! ஆனால் முகப்பு வில்லையின் விட்டம் 70 மி.மீ. தான் என்றால், அது சேர்க்கும் ஒளி அவ்வளவு பெருக்கத்துக்குக் காணாது. ஒரு படி மாவில் ஊருக்கெல்லாம் கூழ் காய்ச்சினால் எப்படி இருக்கும்? நிலா கலங்கிய நீரில் கிடக்கும் தட்டுப்போல் தெரியும். சனிக் கிரகம் அசையும் மங்கல் புள்ளியாகிவிடும். விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி இரண்டால் பெருக்குங்கள். அதுவே அக்கருவிக்குத் தகுந்த மேல் எல்லை. 70 மி.மீ. கருவிக்கு 140 மடங்கு. நடைமுறையில் நூற்றுக்கு மேல் நாம் அதிகம் போகப் போவதுமில்லை. கலிலியோ 1610ஆம் ஆண்டு வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது சுமார் 20 மடங்கு பெருக்கத்தில்தான்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை மடங்கு?” அன்று, “விட்டம் எவ்வளவு?” என்பதே. இருட்டில் நன்றாக விரிந்த நம் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மி.மீ. ஆகவே 70 மி.மீ. வில்லை நம் கண்ணைவிட 100 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 130 மி.மீ. ஆடியோ ஏறத்தாழ 345 மடங்கு. விட்டம் இரட்டித்தால் ஒளி நான்கு மடங்கு என்ற இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கடைப் பேச்சு தானே அடங்கிவிடும்.

சிறு கருவி என்று யாரும் இளக்காரமாக எண்ண வேண்டாம். 1689ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில், பிரெஞ்சு இயேசு சபைக் குரு ழான் ரிஷோ அடிகளார் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாம் நாட்டுக்கு அனுப்பப்பட்ட கணித வல்லுநர்களான குருக்களில் அவரும் ஒருவர். அங்கே கலகம் மூண்டதால் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். அவரிடமிருந்தது 12 அடி நீளமுள்ள பழங்காலத் தொலைநோக்கி. அதில் பார்க்கையில், தென்வானின் ஆல்பா சென்டாரி என்னும் ஒளிமிக்க விண்மீன் ஒன்றன்று, அருகருகே நிற்கும் இரண்டு என்று கண்டுகொண்டார். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம் அதுதான் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. அடிகளார் 12 அடிக் குழாயைக் கொண்டு பட்ட பாட்டை, இன்று கையில் தூக்கிச் செல்லும் 60 மி.மீ. கருவி எளிதாகச் செய்துவிடுகிறது.

பழைய கருவி வாங்குவதும் இழிவன்று. நம் மாநிலத்து வானியலே ஒரு வகையில் கைமாறிய கருவிகளில் தொடங்கியதுதான்! கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் 1786ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். அதிலிருந்தவை இரண்டு 3 அங்குலத் தொலைநோக்கிகள், இரண்டு கடிகாரங்கள், விண்மீன் உச்சியைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கருவி ஒன்று. 3 அங்குலம் என்றால் 75 மி.மீ. இன்று மாணவியர் வாங்கும் அளவுதான். 1789இல் அவர் அவற்றை அரசுக்கு அளித்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம் அவற்றைக் கொண்டே வேலையைத் தொடங்கியது. 1861இல் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ‘ஏசியா’ என்று பெயரிட்டார். 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்தது. பாவ்நகர் மகாராஜாவின் உதவியால் புனேயில் நிறுவப்பட்டிருந்த 20 அங்குல ஆடித் தொலைநோக்கி, அந்த ஆய்வகம் 1912இல் மூடப்பட்டபோது கொடைக்கானலுக்கே வந்து சேர்ந்தது. காவலூரிலும் 1968இல் தொடங்கியது 38 செ.மீ. கருவி ஒன்றுடன்தான். 2.34 மீட்டர் ஆடிகொண்ட பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது 1986இல். படிப்படியாகத்தான் ஏறியிருக்கிறார்கள்.

இனி வகைகளைப் பார்ப்போம். வில்லைத் தொலைநோக்கி நீண்ட குழாய். முன்னால் கண்ணாடி வில்லை, பின்னால் கண்ணை வைக்கும் இடம். பராமரிப்பு மிகக் குறைவு. துடைத்து மூடி வைத்தால் போதும். ஆடித் தொலைநோக்கியில் குழாயின் அடியில் குழிந்த ஆடி இருக்கும். குழாயின் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அதே பணத்துக்கு இதில் பெரிய விட்டம் கிடைக்கும். ஆனால் ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தத் திருகாணிகளைத் திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். கோலம் போடக் கற்றவளுக்கு அது பெரிய வித்தையல்ல. வில்லையும் ஆடியும் கலந்த குட்டைக் கருவிகளும் உண்டு. அவை விலை மிகுந்தவை என்பதால் முதற்கருவிக்கு அவற்றை விட்டுவிடலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. குழாய் முழ நீளங்கூட இருக்காது. ஆனால் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று அச்சிட்டு மலிவாக விற்கும் ஆடிக் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. உள்ளே ஒரு சிறு வில்லையை மறைத்து வைத்து நீளத்தைக் கூட்டியிருப்பார்கள். அதை நேர்ப்படுத்துவது அனுபவசாலிகளுக்கே தலைவலி.

குழாயைவிடத் தாங்கியே முக்கியம் என்பது எங்கள் திடமான கருத்து. நல்ல வில்லையைப் புல்லாங்குழல் போன்ற மெலிந்த முக்காலியில் ஏற்றினால், தொட்டவுடன் வியாழன் கும்மியடிக்கத் தொடங்கிவிடும். கடையில் முக்காலியை நிறுத்தி, குழாயை விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிகளில் ஆட்டம் அடங்க வேண்டும். ‘ஈக்குவட்டோரியல்’ என்னும் துருவ அச்சுத் தாங்கியைப் பலர் பெருமையாக வாங்குகின்றனர். நம் ஊருக்கு அது அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஏனென்றால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்க்க வேண்டும். புதுக்கோட்டை பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகை சொச்சத்தில் இருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே 10 பாகை உயரத்தில் புளியமரங்களுக்கும் தூசிக்கும் நடுவே பதுங்கிக் கிடக்கும். குளிர் நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த பல தாங்கிகள் அவ்வளவு கீழே சாயவே மாட்டா. வாங்கியே தீர வேண்டுமென்றால் அதன் பாகை அளவுகோல் 10 வரை இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கள் ஓட்டு ‘டாப்சன்’ தாங்கிக்கே. மரப்பெட்டி ஒன்றில் குழாய் உட்கார்ந்திருக்கும். கையால் தள்ளினால் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரும். அவ்வளவுதான். இதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் அமெரிக்காவில் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல், கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் சேர்த்துத் தொலைநோக்கி செய்தவர். 1967இல் மடத்தை விட்டு வெளியே வந்தபின், சான்பிரான்சிஸ்கோ நகர நடைபாதையில் அதை வைத்து, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். நம் ஊர் ஆசாரியிடம் படம் காட்டினால் அத்தகைய பெட்டியைச் செய்து தந்துவிடுவார்.

இன்னுமோர் அளவுகோல் உண்டு. எந்த விற்பனைத் தாளிலும் அது இராது. வாங்குகிறவள் அதைத் தானே தூக்கி, மாடிப்படி ஏறி, மொட்டை மாடியில் வைத்துப் பார்க்க முடியுமா? அப்பா வேலை முடிந்து வரட்டும், அண்ணன் தூக்கி வைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டிய கருவி மூன்றாம் வாரத்திலேயே வெளியே வராமல் போகும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். நம் பாட்டிமாரிலும் அத்தைமாரிலும் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். யாரையும் எதிர்பாராமல் தானே எடுத்து ஓட்டலாம் என்பதுதானே சைக்கிளின் சுகம்! தொலைநோக்கியும் அப்படி இருக்க வேண்டும். பெற்றோர்க்கும் இதில் ஒரு நிம்மதி. இரவில் பெண்ணை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. வீட்டு மாடியே போதும்.

விலை கடைக்குக் கடை மாறும். பொதுவாக, ஓரளவு நல்ல 70 மி.மீ. வில்லைக் கருவிக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவிலும், 130 மி.மீ. மேசை டாப்சனுக்கு இருபதிலிருந்து முப்பதாயிரம் வரையிலும் எதிர்பார்க்கலாம். இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வருபவை விளையாட்டுச் சாமான்கள். அவ்வளவுதான் முடியும் என்றால் அதை வாங்காமல், இன்னும் கொஞ்சம் சேர்த்து 10×50 அல்லது 7×50 இரட்டைக்கண் நோக்கி வாங்குங்கள். நிலாவின் பள்ளங்களும், கார்த்திகைக் கூட்டமும், வியாழனின் துணைக்கோள்களும் அதில் தெரியும். வானம் சலித்தால் கோவில் கோபுரத்தைப் பார்க்கலாம், பறவை பார்க்கலாம். வீண் போகாது. எதையும் வாங்குமுன் திருவாதிரை, ரோகிணி, சித்திரை, கேட்டை என்று பத்து நட்சத்திரங்களையாவது வெறுங்கண்ணால் இனம் காணப் பழகுவது நன்று. தெருவின் பெயரே தெரியாதவள் வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

பழைய கருவி வாங்குவோருக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய் வந்தவர்கள் அநேகர். அவர்கள் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த தொலைநோக்கிகள் பல வீடுகளில் அலமாரிக்கு மேல் உறங்குகின்றன. நல்ல சரக்குகளும் அவற்றில் உண்டு. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்; பெரியவர் ஒருவருடன் நேரில் போய்ப் பாருங்கள். சைக்கிள் வாங்கும்போது சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல் இதற்கும் சில சோதனைகள் இருக்கின்றன.

கைவிளக்கை வில்லைக்குச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். தூசி இருந்தால் கவலையில்லை; அதைப் பேரம் பேசப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிலந்தி வலை போலவோ வேர் போலவோ கிளைகள் ஓடியிருந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடிக் கிடந்த கருவிகளுக்கு வரும் நோய் அது. கண்ணாடிக்குள் அரித்திருந்தால் துடைத்தாலும் போகாது. மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோரம் இருந்த கருவி என்றால், உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆடிக் கருவியானால் ஆடியின் அலுமினியப் பூச்சு மங்கியோ புள்ளி புள்ளியாகவோ உள்ளதா என்று கவனிக்க வேண்டும். மறுபூச்சு பூச முடியும். ஆனால் அதற்கு ஆளைத் தேடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

அடுத்து, கண் வில்லை செருகும் துளையை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம் என்றால் நல்லது; இன்றும் கிடைக்கும் வில்லைகள் அதற்குப் பொருந்தும். 24.5 மி.மீ. என்றால் பழைய அளவு. கூட வரும் வில்லைகள் கெட்டால் வேறு வாங்குவது கடினம். விலையைப் பாதிக்கும் கீழே குறைத்தால் ஒழிய வேண்டாம் என்போம். குவியம் திருத்தும் குமிழைத் திருப்பும்போது குழாய் லொடலொடக்கக் கூடாது. குறிபார்க்கும் சிறு நோக்கி இருக்கிறதா? ஒளியைத் திருப்பும் சாய்வுக் கண்ணாடி இருக்கிறதா? முக்காலியின் மூன்று காலும் நீளுமா? பகலில் தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தின் ஏணிப்படியையோ தென்னங்கீற்றையோ நோக்குங்கள். ஓரங்கள் கூர்மையாக வர வேண்டும். முடிந்தால் இரவில் ஒரு விண்மீனை நோக்கிக் குவியத்தைச் சற்றுக் கலைத்துப் பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரி வட்டமாக விரிந்தால் கண்ணாடி நல்ல கண்ணாடி. நீள்வட்டமாகவோ முக்கோணமாகவோ விரிந்தால் ஆடி நேராக இல்லை, அல்லது வில்லையே பழுது. விற்பவர் இந்தச் சோதனைக்கு இடந்தராவிட்டால் வணக்கம் சொல்லித் திரும்பி வந்துவிடலாம்.

இப்போது நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. பழைய கருவிப் பெட்டிகள் பலவற்றில், சூரியனைப் பார்க்கவென்று கண் வில்லையில் திருகும் சிறு கருப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதை அங்கேயே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். குவிந்த சூரிய ஒளியின் சூட்டில் அது திடீரென வெடித்தால், கண்ணை எடுக்க நேரமிராது. விழித்திரை வெந்துபோகும், வலியும் தெரியாது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முகப்பில் பொருத்தினால் அன்றி, தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. தம்பி தங்கையர் உள்ள வீட்டில் பகலில் மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். 2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இன்னொரு வளையக் கிரகணம் கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடக்கவிருக்கிறது. அதைப் பார்க்க நம் எல்லோருக்கும் கண் வேண்டுமல்லவா!

தனித்தனியே வாங்க இயலாதவர்கள் கூடி வாங்கலாம். ஒரு தெருவுக்கோ ஒரு வகுப்புக்கோ ஒன்றிருந்தாலும் போதும். வானியலில் கூட்டாக உழைத்த பெண்களில் துறவியரும் உண்டு என்பது நம் அருட்சகோதரியரே பலர் அறியாத செய்தி. உலகத்து வானாய்வகங்கள் பல சேர்ந்து வானம் முழுவதையும் புகைப்படமெடுத்து அட்டவணை தயாரிக்க முனைந்தபோது, வத்திக்கான் வானாய்வகமும் ஒரு பங்கை ஏற்றது. தகடுகளில் விழுந்த விண்மீன்களை அளக்க, குழந்தை மரியாள் சபையைச் சேர்ந்த எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லுயிஜா பன்செரி என்னும் நான்கு சகோதரியர் அமர்ந்தனர். 1910 முதல் 1921 வரை அவர்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அளந்து குறித்த விண்மீன்கள் 4,81,215. நெடுங்காலம் அவர்கள் பெயர்கூட வெளியே தெரியவில்லை. 2016இல்தான் தெரிய வந்தது.

வாங்கிய கருவியைக் காப்பது எளிது. ஐப்பசி முதல் மார்கழி முற்பாதி வரை மழைக்காலம். அந்நாட்களில் கண் வில்லைகளை இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வில்லையைப் புடவைத் தலைப்பால் துடைப்பது பாவம் என்றே வைத்துக்கொள்ளலாம்! தை முதல் சித்திரை வரைதான் நம் பக்கத்து வானம் தெளிந்திருக்கும். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் இரவிலும் அனலை வீசும்; அந்த அனலில் காட்சி நெளியும். தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

முதலில் நிலாவைப் பாருங்கள். பௌர்ணமியன்று வேண்டாம், வளர்பிறைச் சப்தமி, அஷ்டமியில் பள்ளங்களின் நிழல் நன்றாக விழும். பிறகு வியாழன். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடுபோல் மெலிந்துவிட்டது. இனி ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போய் 2032 வாக்கில் மிக அகலமாகத் தெரியும். எனவே இப்போது வாங்குகிறவர்கள், மெல்லியதாகத் தெரிகிறதே என்று கருவியைக் குறை சொல்லாதீர்கள். மே மாதக் கடைசியில், இரவு பத்து மணிக்கு மேல், தென் அடிவானத்துக்குச் சற்று மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் நிற்கும்; அவற்றின் வலப்புறம் சற்றுத் தள்ளிச் சிறு சிலுவை வடிவம் சாய்ந்திருக்கும். டெல்லியிலிருந்து அந்த இரண்டையும் அடிவானத்துப் புழுதிக்கு மேலே காண்பது மிக அரிது. லண்டனில் காணவே முடியாது. இரண்டில் இடப்பக்கத்தது ஆல்பா சென்டாரி. 25 மி.மீ. வில்லையில் அதை நடுவில் கொண்டுவந்து, பிறகு 10 மி.மீ. வில்லையை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழை மெதுவாகத் திருப்புங்கள். ஒன்று இரண்டாகப் பிரியும்.